அளவெடுக்காமல் கட்டிய ஷூ

முதல் அடி அந்த ஷூவால்தான் விழுந்தது. அவள் காலில் இருந்ததைப் பிடுங்கி அவள் கன்னத்திலேயே வைத்தான் கணவன். மெழுகு வாசனைகூடப் போகாத புதுத் தோல். குதியின் விளிம்பு காதோரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு நிமிடம் முன்புதான் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்துச் சிரித்திருந்தாள். துணிக்கடையில் காலை முதல் மாலை வரை நின்றே விற்கிறவள், குதிகாலில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவள், வலியில்லாமல் ஏழெட்டு அடி வைத்தால் சிரிப்பு வராமல் வேறென்ன வரும்?

ஷூவைக் கட்டியவன் கணவனின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பது அவன் வேலை. கல்யாணம் ஆகாதவன், அவர்கள் வீட்டிலேயே பின்னறையில் இருந்தான். இரண்டு வருஷமாக அவனுக்கு இந்தப் பைத்தியம். கைப்பேசியில் யாரோ செய்து காட்டுவதைப் பார்த்துப் பார்த்து, தோல் வாங்கி, குத்தூசி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளைப் பின்னறைத் தரையில் கழித்தான். முதலில் கட்டிய ஜோடி நடந்தால் தவளைபோலக் கத்தியது. அண்ணன் அதை மாட்டிக்கொண்டு மாடிப்படி முழுக்க ஏறி இறங்கி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அறுவை சிகிச்சை முடிந்தும் நோயாளி முனகுவதாகச் சொல்லிவிட்டு வந்தான். அன்றிலிருந்து தம்பிக்கு வீட்டில் டாக்டர் என்றே பெயர். அவளும் ‘டாக்டர் தம்பி’ என்றுதான் கூப்பிட்டாள்.

அண்ணன் அப்படிச் சிரிக்கவும் வைப்பான். ஆனால் வாய் பேசத் தொடங்குவதற்குள் கை பேசிவிடும் ஆள். சரக்குக் கிடங்கில் காவலாட்களுக்கு மேற்பார்வை பார்த்தான். அங்கே அந்தக் கைக்கு நல்ல பெயர். வீட்டில் அது பதித்த தடம் வெளியே தெரியாமலிருக்க அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள்.

அன்று அவன் கேட்டது சின்னக் கேள்வி.

“அளவு எப்ப எடுத்த?”

“எடுக்கவே இல்லண்ணா” என்றான் டாக்டர். குரலில் அத்தனை பெருமை. அண்ணன் தட்டிக்கொடுப்பான் என்று நினைத்தான்.

“எடுக்காமலா இப்படிக் கால்லயே பொறந்த மாதிரி வந்துச்சு?”

அவள் கழற்றிப் போட்ட பழைய கடை ஷூவை எடுத்து, உள்ளே காகிதக் கூழைத் திணித்துக் காயவைத்து, அந்த அச்சைக் கொண்டு கட்டையைச் செதுக்கினானாம். ஷூ கட்டுகிறவர்கள் கால் வடிவ மரத்தைக் கட்டை என்பார்கள். அதன்மேல்தான் தோலை இழுத்து அடிப்பது. பழைய ஷூவின் உள்தோலில் விரல்கள் அழுத்திய பள்ளங்கள் அப்படியே இருக்கும், அதைவிட நல்ல அளவு வேறில்லை, அண்ணிக்குத் தெரியாமல் செய்து ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன் என்றெல்லாம் டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தபோதே ஷூ அவள் முகத்தில் இறங்கிவிட்டது. குறுக்கே வந்தவனைப் பின்னறைக்குள் தள்ளிக் கதவை அறைந்தான் அண்ணன். கதவு நிலையைப் பிடித்திருந்த டாக்டரின் இடது கை இடையில் நசுங்கியது. ஆள்காட்டி விரல் முறிந்தது. கை கதவில் மாட்டிக்கொண்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மாட்டவைத்தவன் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

அதற்குப் பிறகு வீடு விசாரணைக் கூடமானது. முதலில் எந்தக் கால், வலதா இடதா? எந்த அறை? உட்கார்ந்திருந்தாயா, நின்றாயா? கணுக்காலை எப்படிப் பிடித்தான்? ஒவ்வொரு கேள்வியையும் தலைமுடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் கேட்டான். இல்லை என்றால் ஒரு அடி. பேசாமல் இருந்தால் இரண்டு. ஒருநாள் அவள் பாதத்தைத் தரையில் வைக்கச் சொல்லி, தன் கிடங்கு பூட்ஸால் அதன்மேல் ஏறி நின்றான். இனி எவனும் அளக்க முடியாதபடி ஆக்கிவிடுகிறேன் என்றான். அவள் கத்தியதைக் கேட்டுப் பின்னறைக் கதவு திறந்தது.

“என்னய அடிண்ணா. அண்ணிய விடு” என்றான் டாக்டர். “நான் சொல்றது பொய்யில்லன்னு நிரூபிக்க வழி இருக்கு. உன் பழைய பூட்ஸ மட்டும் குடு. உன் கால நான் தொடல, அளக்கல. உன் கண்ணு முன்னாலயே கட்டறேன். பொருந்துச்சுன்னா அண்ணிக்கும் அப்படித்தான் கட்டினேன்னு நம்பு.”

“பொருந்தலன்னா?”

“உன் இஷ்டம்.”

அவன் பூட்ஸைக் கழற்றித் தம்பியின் மார்பில் எறிந்தான். கட்டிமுடிக்கும்வரை இருவர்மேலும் கை வைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டான். ஷூ காலைக் கடித்தால் இரண்டு பேருமே உயிரோடு இல்லை என்றும் சொன்னான். அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு நாள் கூடத்திலேயே வேலை நடந்தது. ஆண்கள் இருவரும் வேலையிலிருந்து வந்ததும் அண்ணன் நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொள்வான். அவன் வீட்டில் இருந்தாலும் வெளியே போனாலும் அவளைச் சமையலறையில் வைத்துப் பூட்டியிருந்தான். கடைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லியாகிவிட்டது. கதவின் கண்ணாடித் துண்டு வழியே அவள் பார்ப்பாள். ஈரத் தோலைக் குறட்டால் கவ்வி இழுத்துக் கட்டைக்கு அடியில் ஆணி அறைவதற்கு இரண்டு நல்ல கை வேண்டும். டாக்டர் முறிந்த விரலுக்குப் பதிலாகப் பல்லை வைத்துக்கொண்டான். நூலையும் பல்லால்தான் இழுத்தான். உதடு வெடித்து, வெள்ளை நூலில் சிவப்பு ஏறியது. தையல் இடைவெளி பிசகினால் பிரித்து மறுபடி தைத்தான்.

ஒருமுறை கணவன் குளிக்கப் போயிருந்தான். சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து அவள் டாக்டரை ஓடிப் போய்விடச் சொன்னாள். எங்கேயாவது போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

“நான் போனா அதையே பதிலா எடுத்துக்குவான் அண்ணி. உங்கள உயிரோட விட மாட்டான்” என்றவன், கட்டையைத் தூக்கிக் காட்டி, “நல்லா வருது, பாத்தீங்களா?” என்றான். அந்த நிலையிலும் அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவளும் அந்த ஷூவையே நம்பத் தொடங்கியிருந்தாள்.

முடிந்த அன்று மாலை அவளைத் திறந்து கூடத்துக்குக் கூட்டிவந்தான் கணவன். காலுறை மாட்டி, ஷூவைப் போட்டு, கயிற்றைக் கட்டி எழுந்தான். சன்னல் வரை நடந்தான், திரும்பி வந்தான்.

அவனோடு வாழ்ந்தவளுக்கு அவன் நடை தெரியும். வலது சுண்டுவிரல் பக்கம் எலும்பு புடைத்திருக்கும். எந்தச் செருப்பு போட்டாலும் அந்தக் காலைக் கொஞ்சம் சாய்த்து இழுத்துத்தான் வைப்பான். இப்போது இழுக்கவில்லை. பாதம் முழுதாகத் தரையில் இறங்கியது. தலைச்சுமையை இறக்கி வைத்தவன்போல அவன் முகம் ஒரு கணம் இளகியதை அவள் பார்த்தாள். டாக்டரும் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கணவன் நின்றான்.

“கடிக்குது” என்றான்.

டாக்டர் பயந்திருக்க வேண்டும், அல்லது ஓடியிருக்க வேண்டும். ஆனால் ஷூ கட்டுகிறவனிடம் கடிக்கிறது என்று சொன்னால் அவனுக்கு வேறெதுவும் காதில் விழாது போலிருக்கிறது. பேசிய பேச்செல்லாம் மறந்து, அண்ணன் காலடியில் மண்டிபோட்டு, கட்டைவிரலால் ஷூவின் முனையை அழுத்திப் பார்த்தான்.

“எங்கண்ணா கடிக்குது? சுண்டு விரல்கிட்டயா?” விரல் மெல்ல நகர்ந்து தோலை அமுக்கியது. தோல் உள்ளே போனது. “இடம் இருக்கேண்ணா” என்றான், குனிந்தபடியே.

சுத்தியல் ஸ்டூலின்மேல்தான் இருந்தது. முதல் அடி பின்னந்தலையில் விழுந்தது. டாக்டர் அந்தக் கால்மேலேயே கவிழ்ந்தான். அவள் பாய்ந்து கணவனின் கழுத்தைக் கட்டிப் பின்னால் இழுத்தாள். அவன் உதறியதில் சுவரில் மோதி விழுந்தாள். மறுபடி எழுந்து சுத்தியலைப் பிடித்த கையில் தொங்கினாள். அடுத்த அடி அவள் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அதற்குப் பிறகு விழுந்த அடிகளை அவள் தடுக்கவில்லை. தடுக்கக் கை இல்லை. தம்பியின் உடம்பு அசைவதை நிறுத்தி வெகுநேரம் ஆன பிறகுதான் அவன் நிறுத்தினான்.

கை கழுவிவிட்டு அவனே போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பினான். அவள் ஊர்ந்துபோய்ச் சன்னல் விளிம்பைப் பிடித்து எழுந்து, உதவிக்குக் கூப்பிட்டாள். கீழே தெருவில் அந்தப் புது ஷூவோடேயே அவன் போய்க்கொண்டிருந்தான். நீண்ட தெரு அது. எந்த இடத்திலும் கால் சாயவில்லை, இழுக்கவில்லை.

வழக்கில் அவன் தரப்பு ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டது. மனைவியும் தம்பியும் துரோகம் செய்தார்கள். சோதித்துப் பார்த்தான், தம்பியின் கதை பொய்யென்று தெரிந்தது, நிதானம் இழந்தான். ஷூ பொருந்தவில்லை என்பதே சாட்சியம். பொருந்தியது என்று அவள் சொல்லலாம். ஆனால் போட்டவனுக்குத்தானே தெரியும்? துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டே இதைத்தான் பேசினார்கள். செத்தவனையும் துரோகி என்றே பேசினார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சுத்தியலையும் சட்டையையும் போலீஸ் வைத்துக்கொண்டது. ஷூவைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை; சிறையில் கழற்றி வாங்கி, பெல்ட், சாவியோடு ஒரு பையில் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டார்கள்.

குளிர் தொடங்கியபோது அவன் பார்க்க வரச் சொல்லி அனுப்பினான். அவள் போனாள். மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியிருந்தது. அதை அவன் பார்க்கவில்லை. சாப்பாடு சரியில்லை, படுக்கை சரியில்லை என்று ஆரம்பித்தான். பக்கத்தில் நின்ற காவலர் கொட்டாவி விட்டார்.

“இங்க குடுக்கற செருப்பு ஆகல. கால் புண்ணாயிடுச்சு. அந்த ஷூவ எடுத்துட்டு வா. போட்டுக்கலாம்னு சொல்லிட்டாங்க.”

“எந்த ஷூ?”

அவன் எரிச்சலோடு பார்த்தான். “தம்பி கட்டினது.”

“அது உங்களக் கடிக்குமே.”

காவலர் மறுபடி வந்த கொட்டாவியைப் பாதியில் நிறுத்தி அவனைப் பார்த்தார்.

“கொண்டாறேன்” என்றாள் அவள். “கோர்ட்டுக்கே கொண்டாறேன். எல்லாருக்கும் முன்னால போட்டு நடந்து காட்டுங்க. இவர் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு, இவரயும் வரச் சொல்றேன்.”

அவன் மேசைக்கு அடியில் இரண்டு கால்களையும் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டான்.