பட்டன் ஓடுகிறது

அந்தக் கம்பெனி மன அமைதியை விற்றது. செயலியைப் போனில் இறக்கிக்கொண்டால் காலையிலும் மாலையிலும் ஒரு பெண் குரல் வந்து மூச்சை இழுக்கச் சொல்லும், விடச் சொல்லும். அதற்கு மாதச் சந்தா. சேருவதற்கு ஒரு தடவை விரலை வைத்தால் போதும். விலகுவதற்கு மட்டும் கம்ப்யூட்டரில் கம்பெனியின் இணையப் பக்கத்துக்குப் போய் 'விலகுகிறேன்' என்ற பட்டனை அமுக்க வேண்டும். அந்தப் பட்டன் ஓடும்.

ஓடவைத்தவன் நம் ஆள். ஆபீசில் அவன் சொந்தப் பெயர் வழக்கொழிந்து 'ஓட்டக்காரன்' என்றே ஆகிவிட்டது. அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. விலகுகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்று மேனேஜர் அவனைக் கூப்பிட்டார்.

"அந்தப் பட்டனைத் தூக்கிட்டா என்ன?"

"வக்கீல் விடமாட்டார் சார். விலக வழி இருக்கணும்னு சட்டம்."

"இருக்கட்டும்பா. இருக்கணும், ஆனா கைக்குக் கிடைக்கக் கூடாது. உன்னால முடியாதா?"

முடியாது என்று சொல்லியே பழக்கமில்லாதவன். ஒரு இணையப் பக்கத்தில் இருக்கும் எழுத்து, படம், பெட்டி, பட்டன் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் உண்டு. ஸ்கிரிப்ட் என்று எழுதிவைக்கும் கட்டளை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்கும். நகரச் சொன்னால் நகரும், மறையச் சொன்னால் மறையும். வீட்டில் ஒருத்தரும் அவன் பேச்சைக் கேட்டதில்லை, பக்கம் கேட்டது. மவுஸின் அம்பு நெருங்கியதும் பட்டன் இடம் மாற வேண்டும் என்று எழுதினான். மேலே போனால் கீழே, கீழே போனால் ஓரத்தில். கீபோர்டு வழியாகப் போனால் பட்டனைத் தாண்டிக் குதிக்கும். வக்கீலின் மனசாட்சிக்காக, நாற்பது தடவை துரத்தினால் மட்டும் நிற்கும். நாற்பது தடவை எவன் துரத்துவான் என்று மேனேஜர் சிரித்தார். அவனும் சிரித்தான்.

ஊரில் கெட்டிக்காரர்களுக்கா பஞ்சம்? யாரோ ஒருவர் பட்டனைத் துரத்தாமல், பிரவுசருக்கு நேரடியாகக் கட்டளை எழுதும் கன்சோல் என்ற பெட்டியைத் திறந்து ஒரே வரியில் 'அமுங்கு' என்று கட்டளையிட்டு விலகிவிட்டார். அந்த வரியை நாலு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டார். அமுக்கியது கையா, எழுதிய வரியா என்பது பிரவுசருக்குத் தெரியும். ஓட்டக்காரன் அதைக் கேட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு சின்னப் பொறி வைத்தான். வரி என்றால் எதையும் எங்கேயும் அனுப்பாதே. திரையில் மட்டும் 'நன்றி. உங்கள் முடிவை மதிக்கிறோம்' என்று காட்டு. அந்த வாசகமும் அவன் எழுதியதுதான். சாப்பாட்டுக்குப் போவதற்குள் வேலை முடிந்தது. பிறகு அவனே அதை மறந்துபோனான்.

அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் மாமியாரும் அந்தச் செயலியில் மாட்டியிருந்தாள். மாப்பிள்ளையின் கம்பெனி ஆயிற்றே என்ற மரியாதையில் சேர்ந்தவள்.

"மாப்பிள்ளை, அந்தப் பொண்ணு காலங்காத்தால வந்து மூச்சு விடுன்னு சொல்றா. நான் என்ன விடாமலா இருக்கேன்? நிறுத்தலாம்னா பட்டன் கைக்குச் சிக்கமாட்டேங்குது."

"கொஞ்சம் வேகமா அமுக்குங்க அத்தை," என்றான், போனிலிருந்து தலையெடுக்காமல்.

"எதிர் வீட்டுப் பொண்ணு வந்து என்னமோ ஒரு வரி எழுதிக்கூடப் பார்த்தா..."

"பார்க்கலாம் அத்தை."

பார்க்கவில்லை. வீட்டு ஆள் ஒருவர் விலகினால்கூட மேனேஜர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார். அதற்கு அத்தை மூச்சு விட்டுக்கொண்டே இருக்கட்டும் என்பது அவன் கணக்கு.

இப்படி இருக்கையில் அவனுக்கே அந்த இடம் கசந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மேனேஜர் மதிப்பதில்லை. மகளுக்கு அப்பா என்றால் மடிக்கணினிக்குப் பின்னால் தெரியும் நெற்றி. "ஒரு ஞாயித்துக்கிழமையாவது மனுஷனா இருங்க," என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். சிரமப்பட்டுத் தேடி, நூலகங்களுக்கு இணையப் பக்கம் செய்து தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை வாங்கினான். சாயங்காலம் ஆனால் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லும் இடம். அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வரிசையில் அடுத்தவர் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலையை அவன் மனதார விரும்பினான். வெகுநாளைக்குப் பிறகு எதையோ மனதார விரும்பினான்.

ராஜினாமாவை ஆபீஸ் ஊழியர்களுக்கான இணையப் பக்கத்தில்தான் பதிய வேண்டும். கடிதம், மின்னஞ்சல் எதுவும் செல்லாது. இந்த மாதத்துக்குக் கடைசி நாள் இன்று, மாலை ஆறு மணி வரை. மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பட்டும் என்று காத்திருந்து, ஆறுக்குச் சற்று முன்னால் பக்கத்தைத் திறந்தான். கீழே 'விலகுகிறேன்' என்று ஒரு பட்டன். மவுஸைக் கொண்டுபோனான்.

பட்டன் ஓடியது.

ஒரு நிமிஷம் அவனுக்குப் புரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. மனிதவளப் பிரிவுக்காரர்கள் அவன் ஸ்கிரிப்டை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள். எழுதியவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, உங்க பிள்ளை உங்களுக்கே ஆட்டம் காட்டுறானா? உக்காந்து துரத்துங்க, நிக்கும்."

அவனாவது துரத்துவதாவது. துரத்துவதெல்லாம் வாடிக்கையாளர்கள் செய்கிற வேலை. கன்சோலைத் திறந்தான். பட்டனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், அமுங்கு என்றான். இரண்டே வரி. திரை நடுவில் எழுத்து மலர்ந்தது: 'நன்றி. உங்கள் முடிவை மதிக்கிறோம்.'

தான் எழுதிய பொய்யைத் தானே நம்புகிறவன் இருப்பானா என்று கேட்கலாம். இருப்பான், நன்றாக எழுதியிருந்தால். அந்த வாசகத்தை அவன் இரண்டு தடவை படித்தான். இத்தனை வருஷத்தில் இந்தக் கம்பெனி அவனிடம் சொன்ன முதல் நன்றி அது. மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்து மேசைக்காரியிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, அங்கேயும் பட்டன் ஓடியதையும் தான் விலகிவிட்டதையும் சொன்னான். மனைவி நம்பாமல் பார்த்துவிட்டு, பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் காரணம் தெரியாமலே குதித்தாள். மாமியார் மட்டும் நிதானமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி மாப்பிள்ளை அமுக்கினீங்க? அங்கேயும் ஓடும்னு சொன்னீங்களே."

"அமுக்கவே இல்ல அத்தை. ரெண்டு வரி எழுதினேன், முடிஞ்சுது."

"என்னன்னு வந்துச்சு?"

"நன்றி, உங்கள் முடிவை..." என்று ஆரம்பித்தவனுக்குக் கடைசி வார்த்தை வரவில்லை.

"மதிக்கிறோம்," என்று மாமியார் முடித்தாள். "எனக்கும் அதான் வந்துச்சு, எதிர் வீட்டுப் பொண்ணு எழுதினப்போ. மறுநாள் காலையில அந்தக் குரல் டாண்ணு வந்து நின்னுச்சு. அன்னைக்கே உங்ககிட்ட சொல்ல வந்தேன், நீங்க போன்ல இருந்தீங்க. அப்புறம் போன வாரம் நானே உக்காந்து துரத்தினேன். நாப்பது தடவை. கை விட்டுப்போச்சு, ஆனா நின்னுச்சு. நிஜமா வெளிய விட்டா நன்றியெல்லாம் கிடையாது மாப்பிள்ளை. 'சரி'ன்னு ஒரே வார்த்தைதான்."

மனைவியின் கை தோளிலிருந்து இறங்கியது.

அவன் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தான். சுவரில் மணி ஏழைத் தாண்டியிருந்தது. பக்கத்தைப் புதுப்பித்ததும் நன்றி காணாமல் போனது. அந்த இடத்தில் வேறொரு வாசகம்: 'இந்த மாதத்துக்கான பதிவு முடிந்தது. நீங்கள் எங்களுடன் தொடர்வதில் மகிழ்ச்சி.' இது அவன் எழுதியது இல்லை. அவனிடம் கற்றுக்கொண்டவர்கள் யாரோ எழுதியது.

கீழே பட்டன் இனி அமுங்காது என்கிற சாம்பல் நிறத்தில் இருந்தது. மவுஸை மெதுவாக அதன்மேல் கொண்டுபோனான்.

பட்டன் ஓடவில்லை.