தோற்றவர்தான் சொல்ல வேண்டும்

எனக்கும் என் தங்கை புருஷனுக்கும் சதுரங்கப் பலகையில் மட்டும் ஏழாம் பொருத்தம். சங்கக் கோப்பை ஒரு வருஷம் பட்டறைக்காரன் எனக்கு, மறுவருஷம் பஸ் ஓட்டும் அவருக்கு. தோற்றவர் வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். அவள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, தோற்ற மூஞ்சிக்குத்தான் முதல் காபி தருவாள்.

இந்த வருஷம் அவள் இல்லை. மாரடைப்பு. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள், பாவி.

இறுதி ஆட்டத்துக்கு முன் நடுவர் எல்லாருடைய செல்போனையும் அணைத்து வாங்கி வைத்தார். மாப்பிள்ளை தன்னுடையதைக் கொடுத்தார். அவர் சட்டைப் பையில் இன்னொன்று இருந்தது. மூலை உடைந்த அவளுடைய போன்.

"அதையும் குடுத்துடுங்க மாப்ள. சத்தம் வந்தா ஆட்டம் போச்சு."

"அணைச்சா திரும்ப நம்பர் கேக்கும் மச்சான். அது அவளுக்குத்தான் தெரியும். சத்தத்தைக் குறைச்சுட்டேன், ஊமையாதான் கிடக்கும்."

நான் காய்களை அடுக்கினேன்.

மனுஷர் அன்று வெளுத்து வாங்கினார். அவர் குதிரை என் ராஜாவையும் ராணியையும் ஒருசேர மடக்கியது. ராணி போனால் என் கதை கந்தல். தோற்றதை யாரிடம் போய்ச் சொல்வது? கை கொடுத்து முடித்துவிடலாம் என்று எழப் போனேன்.

அப்போது அவர் சட்டைப் பையிலிருந்து என் தங்கை பேசினாள்.

"ஏங்க, மாத்திரை போட்டாச்சா? உங்களத்தான், காது கேக்குதா?"

அறையே திரும்பிப் பார்த்தது. அவருக்காகத் தன் குரலையே அலாரமாக வைத்திருந்திருக்கிறாள். போனை ஊமையாக்கினால் அழைப்புகள் அடங்கும், அலாரம் அடங்காது. தினமும் அதைக் கேட்கிற மனுஷர் ஆட்ட மும்முரத்தில் மறந்துவிட்டார்.

நடுவர் தயங்கித் தயங்கி வந்தார். "மன்னிச்சுக்கங்க. விதின்னா விதிதான்."

"நான்தாங்க தோத்தேன். கை குடுக்கத்தான் எழுந்தேன்," என்றேன்.

"குடுக்கலையே மச்சான்," என்றார் மாப்பிள்ளை. தாளில் தன் தோல்வியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மாத்திரையை எடுத்துத் தண்ணீரில்லாமல் விழுங்கினார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். "இந்தத் தடவை நீங்கதான் அவகிட்ட சொல்லணும்," என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று. பேசி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"சொல்றேன். நான் அலாரத்தை நிறுத்தல மச்சான், தள்ளித்தான் வச்சிருக்கேன். கொஞ்ச நேரத்துல திரும்பக் கூப்பிடுவா."

போனை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். காத்திருந்தோம்.