விசைமேல் விரல்

ஏழரை மணி சீரியலில் இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உருவினால் போதும், அருணாவுக்கு வாய் சும்மா இருக்காது. குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தாலும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஹாலுக்கு வந்து நின்றுவிடுவாள்.

"பாருங்கத்த, அந்தாளு விரல எங்க வச்சிருக்கான்னு. சுடப்போற நிமிஷம் வரைக்கும் விசைமேல விரல் போவக் கூடாது. இவன் என்னமோ மூக்குல விட்ட மாதிரி விட்டுக்கிட்டுத் திரியறான்."

"சும்மா இரு கண்ணு, கத கெட்டுப்போவுது" என்பார் மாமியார் வெங்கடம்மாள்.

அருணா விடுவாளா? ஓசூரில் ஒரு காவல் நிலையத்தின் சப்-இன்ஸ்பெக்டர் அவள். துப்பாக்கிப் பிடியிலிருந்து தோளுக்குப் போகிற கயிறு எங்கே என்பாள். ஆளைப் பார்க்கும்போதெல்லாம் மேல்பாகத்தைச் 'சடக்'கென்று இழுத்து விடுகிறானே, இழுக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு குண்டு வெளியே தெறித்து விழ வேண்டாமா என்பாள். எல்லாவற்றையும்விட அந்த வசனம்தான் அவளுக்கு ஆகவே ஆகாது. "அசையாதே. அசைஞ்சா, அதுதான் உன்னோட கடைசி அசைவு." எந்தப் போலீஸ்காரன் இப்படி இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டு நிற்பான்? இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கும் முன்பே அருணா கரண்டியை நீட்டிக்கொண்டு அதைச் சொல்லிக்காட்டுவாள். வெங்கடம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். தளிப் பக்கத்தில் தோட்டத்து வேலையில் முதுகு ஒடிந்தவர். இந்த அரைமணி நேரமும் மருமகளின் கேலியும்தான் அவருக்குக் கிடைத்த ஓய்வு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், ஷிப்ட் விடுகிற நேரத்தில், தொழிற்பேட்டைச் சாலையில் சங்கிலி பறிப்பு. முந்தின வாரம் ஒரு பெண்ணின் கையைக் கத்தியால் கிழித்துவிட்டுப் போன அதே ஆட்கள் என்று வயர்லெஸ் சொன்னது. பைக்கைப் போட்டுவிட்டு ஒருவன் ஓடுகிறான், சாம்பல் சட்டை, தோளில் பை. அருணா ஜீப்பிலிருந்து குதித்தாள். பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் நிற்கிற பாதிப் பேரும் சாம்பல் சட்டைதான், கம்பெனி யூனிபார்ம். ஆனால் ஓடியவன் ஒருவன்தான். "ஏய், நில்லுடா!" அவன் நிற்கவில்லை. மறுபடியும் கத்தினாள். பிடரிக்குப் பக்கத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டபிறகுதான் திரும்பினான். திரும்பிய வேகத்தில் கையைப் பைக்குள் விட்டான்.

அடுத்து நடந்தது அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. அவன் இரண்டு கைகளும் மேலே போனது. பையிலிருந்து டிபன் டப்பா விழுந்து மூடி தனியாக உருண்டது. வலது கையில் கம்பெனி அடையாள அட்டை ஒரு கணம் ஆடி, அதுவும் கீழே விழுந்தது. பிறகு அவனுடைய பேண்டில் தொடையோரமாக ஈரம் இறங்கியது. நாற்பதைத் தாண்டிய ஆள். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

அவன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடியவன். பெயர் வெள்ளைச்சாமி. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்து, தகடு அடிக்கிற மெஷினில் நின்று நின்று காது மந்தமாகிப் போனவன். யூனிபார்ம் போட்ட யார் கத்தினாலும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்று கேட் செக்யூரிட்டி பழக்கியிருந்தார்கள். அதைத்தான் எடுக்கப் போயிருக்கிறான். பஸ் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஏட்டு சிவராஜ் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவன் வாங்கவில்லை. டப்பாவைப் பொறுக்கிப் பைக்குள் போட்டு, பையை இடுப்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தான். உண்மையான திருடன் சாயங்காலமே அத்திப்பள்ளி தாண்டி அகப்பட்டான்.

நிலையத்தில் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தபோது, மேகசினைக் கழற்றி மேல்பாகத்தை இழுத்துப் பார்த்த சிவராஜ் அப்படியே நின்றார்.

"மேடம், உள்ள ஒண்ணு ஏறியிருக்குதுங்க."

மேஜைமேல் குண்டு உருண்டது. குண்டுகள் மேகசினில் இருக்கலாம், குழாய்க்குள் ஏறியிருக்கக் கூடாது. அதுதான் முறை. அவள் இழுத்திருந்தால்தான் ஏறும். இழுத்தது அவளுக்கு நினைவே இல்லை. சிவராஜ் குண்டைத் துடைத்து மேகசினில் வைத்துவிட்டு, வெள்ளைச்சாமி விட்டுப்போன அட்டையை அவள் பக்கம் நகர்த்தினார். "வருவான் மேடம். இது இல்லாம கேட்டுக்குள்ள வுடமாட்டாங்கோ."

வீட்டுக்குப் போனால் வாசலிலேயே நான்கைந்து செருப்புகள். ஹாலில் பக்கத்து வீட்டுக்காரிகள் வெங்கடம்மாளைச் சுற்றி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அய்யோ, வந்துட்டாளே எம் மருமக! ஊரெல்லாம் ஒம்பேச்சுத்தான் கண்ணு. இதப் பாரு, எப்புடி நிக்கிற பாரு!"

பஸ் ஜன்னலிலிருந்து யாரோ எடுத்த வீடியோ. முழங்கையை நீட்டி, தலையை லேசாகச் சாய்த்து, ஒரு கையால் பிடித்திருந்தாள். விரல் விசைமேல்தான் இருந்தது. 'சடக்' சத்தம் நன்றாகவே கேட்டது. அதற்கப்புறம் அவளுடைய குரல், இழுத்து, நிதானமாக: "அசையாத. அசைஞ்சா, அதுதான் உன்னோட கடைசி அசைவு."

அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது. கேலி செய்து செய்து அந்த வசனம் நாக்கில் ஒட்டியிருக்கிறது, அந்தக் கையும் உடம்பில் ஒட்டியிருக்கிறது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது ஒன்றும் அந்த நேரத்துக்கு வரவில்லை. வீடியோவின் கடைசியில் வெள்ளைச்சாமியின் பேண்டைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மை முகங்கள்.

"டிவில எல்லாமே பொய்யின்னு சொல்லுவியே" என்றார் வெங்கடம்மாள். குரலில் குத்தல் இல்லை, பெருமைதான் பொங்கியது. "இப்ப நீயும் அப்புடியேதான புடிச்சிருக்கற?"

அருணா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். அன்றைக்கு ஏழரை மணிக்கு அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் மேலதிகாரியிடம் குண்டு ஏறியிருந்ததைச் சொன்னபோது, "ஒண்ணும் ஆகலியே, நல்ல பேர்தான் கெடச்சிருக்கு, விடும்மா" என்றார். விட முடிந்தால் அவள் ஏன் சொல்லப்போகிறாள்?

வெள்ளைச்சாமி அட்டையை வாங்க வரவேயில்லை. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. கம்பெனிக்குப் போன் போட்டால், ஆள் வேலைக்கு வரவில்லை, ஒப்பந்தத் தொழிலாளிதானே, திங்களும் வரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார்கள். ஸ்டேஷன் படியேறப் பயந்து ஒரு மனிதன் பிழைப்பையே விடப்போகிறான். நேரில் போய்க் கையில் கொடுத்து, மன்னிச்சிடுங்க என்று வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். கம்பெனியில் விலாசம் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பாகலூர் சாலையோரம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வரிசை அறைகள். கடைசி அறை வாசலில் ஒரு பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளைச்சாமி இருக்காருங்களா?"

"இருக்காக, உள்ள வாங்க தாயி. நான் அவுக வீட்டுக்காரி, இருளாயி. கம்பெனியிலருந்து வர்றீகளா? அட்டைய எங்கயோ தொலைச்சிட்டாகளாம். அஞ்சு நாளா மொகமே சரியில்ல. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாக."

அருணாவுக்குப் புரிந்தது. இவளுக்குத் தெரியாது. ஊரே பார்த்துச் சிரித்ததை வீட்டுக்காரியிடம் அவன் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டால் எதற்கென்று இவள் கேட்பாளே! திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் வெள்ளைச்சாமி பாயிலிருந்து எழுந்துவிட்டான். காக்கி இல்லாவிட்டாலும் அவளை அடையாளம் தெரிந்துகொண்டான். மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டு அருணாவைப் பார்த்தான். சொல்லிடாதீங்க என்று அந்தக் கண் கெஞ்சியது.

"கம்பெனி மேடம்" என்றான் மெதுவாக.

"ஆமாங்க" என்றாள் அருணா. சொல்ல வந்தது அதோடு நெஞ்சிலேயே நின்றுபோயிற்று. சீக்கிரம் அட்டையைக் கொடுத்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்று தோள்பையின் ஜிப்பை இழுத்துக் கையை உள்ளே விட்டாள்.

வெள்ளைச்சாமியின் இரண்டு கைகளும் மேலே போயின.

"என்னங்க?" இருளாயி பாதிச் சிரிப்போடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுக்குக் கையத் தூக்குறீக?"

அவன் கண்ணை இறுக மூடியிருந்தான். அட்டை அருணாவின் விரல்களுக்குள் அகப்பட்டுவிட்டது. கையை வெளியே எடுக்கத்தான் அவளுக்கு வரவில்லை.