விரல் வைத்துப் பார்க்கும் எண்ணெய்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘நெருப்பு மேடம்’ என்று பெயர். நாள் முழுக்க எண்ணெயைக் கொளுத்திப் பார்ப்பதுதான் வேலை என்பதால் வந்த பெயர். மூக்கு நுனியில் கோபம் இருப்பதால் நிலைத்துவிட்ட பெயர்.

விமானத்தின் சக்கரத்தை இறக்குவதும் பிரேக்கைப் பிடிப்பதும் குழாய்களுக்குள் அழுத்தத்தோடு நிற்கும் எண்ணெய்தான். பழைய சிவப்பு எண்ணெயோடு ஒரு சனியனும் கூடவே வந்தது. குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும், புகை மாதிரி பீச்சியடித்து, சூடான பிரேக்கில் பட்டதும் பற்றிக்கொள்ளும். அப்படி எரிந்துபோன விமானங்களின் படங்களை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் அவள் இந்த ஊதா எண்ணெயை உருவாக்கினாள். எத்தனையோ கலவைகள் சொதப்பின. கடைசியில் ஒரு நாள், எரிவாயுச் சுடரின் மேல் எண்ணெயைப் பீச்சியபோது தீ அந்த இடத்தைத் தாண்டிப் பரவவே இல்லை. சுடரை அணைத்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. அன்று அவள் அழுதே விட்டாள்.

ஆனால் தீயை அடக்கிய எண்ணெய் மனிதரைச் சும்மா விடவில்லை. தோலில் பட்டால் எரிந்தது. கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது என்று டப்பாவிலேயே போடச் சொன்னாள். நிறுவனத்தின் இயக்குநர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“பாதுகாப்பான எண்ணெய்னு விக்கப்போறோம். அதுமேலயே ஆபத்துன்னு எழுதினா எவன்மா வாங்குவான்?”

அடி விழுந்தது அவளுடைய அத்தானுக்கு. அக்காவின் கணவர், நிறுவனத்தின் சோதனை விமானத்துக்கு மெக்கானிக். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். போன வாரம், இயந்திரத்தை நிறுத்தி அழுத்தத்தை இறக்கிவிட்டு, சக்கரம் மடங்கும் குழிக்குள் குனிந்து கசிவு தேடினார். சிவப்பு எண்ணெயில் பழகிய எல்லாரும் தேடுவது போலத்தான்: குழாய் மூட்டுகளில் விரலை ஓட்டி, ஈரம் தட்டினால் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்ப்பது. பிறகு, பாவம், நெற்றி வியர்வையைத் துடைத்தார். வியர்வையோடு எண்ணெயும் கண்ணில் இறங்கியது.

நிறுவனம் விசாரித்தது. மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று பழியை அவர் தலையில் கட்டியது. வேலை நீக்கத்துக்கு இயக்குநரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவள் பார்க்கப் போனபோது அக்கா ஜன்னல்களை எல்லாம் போர்வையால் மூடியிருந்தாள். வெளிச்சம் பட்டால் அத்தானால் தாங்க முடியவில்லை.

“உன் எண்ணெய்தானேடி?” என்றாள் அக்கா.

“அவளை ஏன் சொல்ற? என் கைக்குப் பழக்கதோஷம்” என்றார் அத்தான், ஈரத்துணிக்கு அடியிலிருந்து. அக்கா திட்டியதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அவர் பரிந்து பேசியதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

“தொடக்கூடாதுன்னு அவர்கிட்ட யார் சார் சொன்னா?”

“சொல்லணுமாம்மா? எந்தப் பைத்தியக்காரனாவது எண்ணெயை விரலால தொட்டுப் பார்ப்பானா? போ, போய் சுடரைத் தயார் பண்ணு. ஆளுங்க வந்துட்டாங்க.”

வந்திருந்தவர்கள் எண்ணெய் வாங்கவிருந்த விமான நிறுவனத்தார். அவர்களுடைய தலைமைப் பொறியாளர் கோட்டும் டையுமாக இருந்தார். அவள் சுடரின் மேல் ஊதா எண்ணெயைப் பீச்சினாள். தீ பரவவில்லை, கைதட்டினார்கள். தான் பெற்ற பிள்ளையைப் போல் அந்த எண்ணெயைப் பார்த்துச் சிரித்தார் இயக்குநர். அவளுக்கு வயிறு எரிந்தது.

பிறகு எல்லாரும் விமானக் கொட்டகைக்குப் போனார்கள். தலைமைப் பொறியாளர் ஏதோ விலை பேசிக்கொண்டே சக்கரக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு மூட்டில் ஊதாவாய் ஒரு சொட்டு தொங்கியது. பேச்சை நிறுத்தாமலே ஆள்காட்டி விரலை அதை நோக்கி நீட்டினார்.

“ஐயோ, தொடாதீங்க சார்! கண்ணுல பட்டா போச்சு!”

இயக்குநர்தான் கத்தினார். பாய்ந்து வந்து பொறியாளரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“டப்பாவுல அப்படி ஒண்ணும் போடலையே?” என்றார் தலைமைப் பொறியாளர்.

“சார், நீங்க ஏன் விரலை நீட்டினீங்க?” என்று கேட்டாள் அவள்.

“ஏம்மா, நானும் ஸ்பேனர் பிடிச்சுத்தான் மேல வந்தேன். கசிவைப் பார்த்தா கை தானா போகும்.”

அவள் இயக்குநர் பக்கம் திரும்பினாள். “எங்க அத்தான் கையும் தானாத்தான் சார் போச்சு. அதைப் பிடிக்க ஏன் உங்களுக்கு மனசு வரல?”

நடந்ததை எல்லாம் அங்கேயே போட்டு உடைத்தாள். தலைமைப் பொறியாளர் தன் மணிக்கட்டை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

“டப்பாவுல பெருசா எழுதுங்க. கூடவே கண்ணாடி, கையுறை. அதுவரைக்கும் எங்களுக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, ஆட்களோடு காருக்கு நடந்தார்.

மாலையில் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். முகத்தில் அசடு வழிந்தாலும் நாற்காலியில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

“வேலை நீக்கத்தை ரத்து பண்ணிட்டேன். போனா போகுதுன்னு மன்னிச்சுட்டேன்னு உங்க அத்தான்கிட்ட சொல்லிடு.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“மன்னிப்பா? அதை நீங்க கேக்கணும் சார். எழுந்திரிங்க, வீடு பக்கத்துலதான் இருக்கு.”

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவர் எழுந்திருக்கும்வரை அங்கேயே நின்றாள்.