பட்டாணிப் பை தைத்த சனிக்கிழமை

அத்தைக்குப் பேருந்து ஓட்டத் தெரியும். அத்தனை பெரிய வண்டியைக் குறுகலான தெருவில் ஒரு கீறல் விழாமல் வளைத்துத் திருப்பத் தெரியும். படியில் தொங்குகிறவர்களை ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றத் தெரியும். ஆனால் தையல் என்று வந்துவிட்டால் அவளுக்கு ஆனா ஆவன்னாகூடத் தெரியாது. சட்டையில் பட்டன் அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு வேலைக்குப் போகிற ரகம்.

அப்படிப்பட்டவள் தலையில்தான் அண்ணன் மகள் ஒரு வகுப்பையே கட்டிவிட்டாள்.

அண்ணன் மகளுக்கு வீட்டில் பட்டாசு என்று பெயர். பற்றவைக்க வேண்டியதே இல்லை, தானாக வெடிக்கும். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அன்று பள்ளியிலிருந்து வந்து, ஒரு ஷூவைக் கழற்றியும் மறு ஷூவைக் கழற்றாமலும் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

"அத்தை, சனிக்கிழமை நீ எங்க கிளாசுக்கு வர்ற. எல்லாருக்கும் தையல் சொல்லித் தர்ற."

அத்தைக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறிவிட்டது.

"யாரு, நானா?"

"மிஸ் கேட்டாங்க, யார் வீட்டுல தைக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு. நான் கையத் தூக்கிட்டேன்."

"நான் எப்போடி தைச்சேன்?"

"பஸ் சீட்டு கிழிஞ்சப்ப தைச்சியே! நான்தான் பக்கத்துலயே உக்காந்து பாத்தேனே!"

அது உண்மைதான். லீவு நாளில் ஒருமுறை பட்டாசு பணிமனைக்குக் கூடவே வந்திருந்தாள். கிழிந்த இருக்கையிலிருந்து பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்ததால் அத்தை ஒரு கோணி ஊசியும் சணல் கயிறும் வாங்கி, மூட்டைக்கு வாய் கட்டுவதுபோல இழுத்துக் கட்டிவிட்டாள். அதற்குப் பெயர் தையல் என்றால் சந்தையில் மூட்டை கட்டுகிற அத்தனை பேரும் தையற்கலைஞர்கள்தான்.

சமையலறையில் அண்ணி விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணி, சிரிக்காதீங்க. நீங்க போகலாம்ல?"

"எனக்கு சனிக்கிழமை ஆஸ்பத்திரியில டியூட்டி. அதோட நான் தைச்சா அதைப் பிரிக்க தனியா ஆள் வைக்கணும்."

முடியாது என்று சொல்லத்தான் அத்தை வாயைத் திறந்தாள். பட்டாசு அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளாஸ்ல பட்டன்னு ஒருத்தி இருக்கா, அவகூட கை தூக்கல அத்தை. அவ அப்பா பெரிய தையல் கடை வச்சிருக்காரு. அவளே சும்மா இருந்தா. நான் மட்டும்தான் தூக்கினேன்."

"சரி" என்ற சொல் அத்தையைக் கேட்காமலேயே வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் அந்தத் தையல் கடை நினைவுக்கு வந்தது. தையல்காரர் மகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பிலா போய் ஊசி பிடிப்பது? மானம் கப்பலேறுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை நடந்தது. பழைய ஜன்னல் திரையிலிருந்து கைக்குட்டை அளவில் இரண்டு துண்டு வெட்டி, நல்ல பக்கம் இரண்டும் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பென்சில் பை தைப்பது என்று முடிவானது. அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. சிக்னலே இல்லாத சாலையில் போவதுபோலத் தைத்துக்கொண்டே போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து முடிச்சுப் போட்டாள்.

"முடிஞ்சுது!"

பட்டாசு அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். "அத்தை, பென்சிலை எது வழியா போடறது?"

நாலு பக்கமும் மூடிக் கிடந்தது. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தை வந்த கோபத்தில் கத்தரிக்கோலை எடுத்து ஒரு ஓரத்துத் தையலைப் பிரித்து, உள்ளே விரலை விட்டு இழுத்தாள். துணி முழுவதும் அந்த ஓட்டை வழியே புரண்டு வெளியே வந்தது. கோணல் மாணல் தையலும் பிசிறும் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. வெளியே பூப்போட்ட பக்கம் பளிச்சென்று நின்றது.

"அட!" என்றாள் அண்ணி. சிரிப்பு நின்றுவிட்டது.

பட்டாசு சும்மா இருப்பாளா? டப்பாவைத் திறந்து காய்ந்த பட்டாணியை ஓட்டை வழியே கொட்டினாள். அத்தை வாயைத் தைத்து மூடினாள். கையில் வைத்துப் பார்த்தால் கனமாகவும் குளுமையாகவும் இருந்தது. அண்ணி வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் திடீரென்று அத்தையின் மேல் எறிந்தாள். அத்தை பிடித்துப் பட்டாசிடம் எறிந்தாள். அண்ணன் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது அது அவர் மூக்கில் போய் விழுந்தது. அதன் பிறகு சாப்பாட்டு நேரம் வரை நாலு பேருமாக எறிந்து விளையாடினார்கள்.

பென்சில் பை போகட்டும், பட்டாணிப் பைதான் என்று அத்தை தீர்மானித்துவிட்டாள்.

சனிக்கிழமை அத்தை வகுப்பில் போய் நின்றாள். பேருந்தில் எத்தனை பேர் ஏறினாலும் எல்லாரும் அவள் முதுகுக்குப் பின்னால்தான். இங்கே அத்தனை முகங்களும் எதிரே இருந்தன. போதாததற்கு வகுப்பு டீச்சரும் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கையில் துணியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஊசியை மேலேர்ந்து கீழ விடுங்க. அப்புறம் கீழேர்ந்து மேல..." என்று அத்தை ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்திலேயே வகுப்பு கந்தரகோலமாகிவிட்டது. ஒருவன் நூலைப் பல்லில் மாட்டிக்கொண்டான். ஒருத்தி துணியைத் தன் சட்டைக் கையோடு சேர்த்துத் தைத்துவிட்டு, கையை உயர்த்தினால் துணியும் கூடவே உயர்வதைப் பார்த்து அலறினாள். "மிஸ், இவன் ஊசி என் நூலுக்குள்ள வந்துடுச்சு!" என்று யாரோ புகார் செய்தார்கள். டீச்சரின் நூல் நாற்காலிக் காலைச் சுற்றிக் கிடந்தது.

அத்தை கரும்பலகையில் வரைந்திருந்த சதுரத்தையும் அதைச் சுற்றி வைத்திருந்த புள்ளிகளையும் பார்த்தாள். சட்டென்று அது ஒரு ரூட் மாதிரி தெரிந்தது. தட்டென்று மேசையைத் தட்டினாள்.

"எல்லாரும் இங்க பாருங்க. ஊசிதான் பஸ். இந்தப் புள்ளியெல்லாம் ஸ்டாப். ஒரு ஸ்டாப்ல கீழ இறங்குது, அடுத்த ஸ்டாப்ல மேல ஏறுது. எந்த ஸ்டாப்பையும் விடக்கூடாது."

"நூலு?" என்றான் ஒருவன்.

"நூல்தான் பயணிங்க. வெடுக்குன்னு இழுத்தா எல்லாரும் விழுந்துடுவாங்க. மெதுவா ஓட்டணும்."

"முடிச்சு?"

"அது பிரேக்கு. பிரேக் போடாம இறங்கினா வண்டி உருண்டுடும்."

"எங்க அத்தை நிஜ பஸ்ஸே ஓட்டுவாங்க!" என்று பட்டாசு பெஞ்சின் மேல் ஏறி வெடித்தாள்.

பிறகு கேட்க வேண்டுமா? வகுப்பு முழுவதும் வண்டிகள் கிளம்பிவிட்டன. உதட்டால் ஹாரன் அடித்துக்கொண்டே தைத்தார்கள். திருப்பத்தில் "வளைவு, வளைவு!" என்று எச்சரித்துக்கொண்டார்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் பாதி தூரத்தை விட்டுவிடச் சொன்னாள் அத்தை.

"ஏன் விடணும்?"

"அங்க ரோடு வேலை நடக்குது. பட்டாணி உள்ள போனப்புறம்தான் திறப்பாங்க."

"ச்சூ, சத்தம்!" என்று அதட்டிய டீச்சரே ஒரு மூலை திரும்பும்போது மெல்ல "பாம்" என்றதை அத்தை கவனித்துவிட்டாள்.

கடைசி பெஞ்சில் மட்டும் ஒரு வண்டியும் கிளம்பவில்லை. வட்ட முகமும் இரட்டைச் சடையுமாக ஒரு சிறுமி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி மடித்தது மடித்தபடியே இருந்தது. அவள்தான் பட்டன் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீ தைக்கலையா கண்ணு?"

"எனக்குத் தெரியும்" என்றாள் பட்டன், நிமிர்ந்து பார்க்காமல்.

டிக்கெட் பரிசோதகர் வண்டியில் ஏறியதுபோல இருந்தது அத்தைக்கு. மறைத்துப் பயனில்லை என்று அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரியாதுடா. நேத்துதான் கத்துக்கிட்டேன், அதுவும் தப்பா தைச்சு. வெளிய சொல்லிடாத."

பட்டன் திரும்பி அவளை வெறித்துப் பார்த்தாள். அக்கம் பக்கம் பார்த்தாள். பிறகு அத்தையின் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"எனக்கும் தெரியாது."

"என்னது?"

"அப்பா ஊசியத் தொடவே விடமாட்டாரு. கையில குத்திக்கும்பாரு. எல்லாரும் எனக்கு நல்லா தைக்க வரும்னு நினைக்கிறாங்க. கோணலா தைச்சா சிரிப்பாங்கல்ல?"

அத்தைக்குச் சிரிப்பும் வந்தது, அந்தச் சடையைத் தடவிக் கொடுக்கவும் தோன்றியது. "ஊரே நம்மள நம்பிக் கெட்டுப்போச்சு, போ. வா, ரெண்டு பேரும் சேர்ந்து கோணலா தைப்போம். சிரிக்கிறவங்க முதல்ல என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

பட்டன் துணியைப் பிரித்தாள். அத்தை நூலை நீளமாக இழுத்து வெட்டப் போனபோது அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"அவ்ளோ வேணாம். அப்பா இவ்ளோதான் எடுப்பாரு." விரல் நுனியிலிருந்து தோள்வரை அளந்து காட்டினாள். "நீளமா இருந்தா சிக்கிக்கும்."

அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டாள். வகுப்பு முழுவதும் காலையிலிருந்து சிக்கிக்கொண்டிருந்த காரணம் இதுதான். "நூலைப் பாதியா வெட்டுங்க! பட்டன் சொல்றா!" என்று குரல் கொடுத்தாள். எல்லாரும் வெட்டினார்கள். டீச்சரும் நாற்காலிக் காலை விடுவித்துவிட்டு வெட்டினார். பட்டனின் காதுமடல் சிவந்தது. குனிந்து முதல் ஸ்டாப்பில் ஊசியை இறக்கினாள்.

பட்டாணி நிரப்பும்போது ஒரு டப்பா கவிழ்ந்தது. தரையெங்கும் பட்டாணி ஓடியது. பொறுக்கப் போனவர்கள் வழுக்கி விழுந்தார்கள். விழுந்தவர்களைப் பார்க்க வந்தவர்களும் விழுந்தார்கள். டீச்சர் சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் நேரத்தில் பெற்றோர் வாசலில் வந்து நின்றார்கள். கழுத்தில் அளவு நாடாவோடு வந்தவர் பட்டனின் அப்பா. மகள் நீட்டிய பையை வாங்கினார்.

"யார் தைச்சது?"

"நான்."

அவர் இரண்டு கட்டை விரலாலும் தையலைப் பிடித்து இழுத்தார். அத்தை எட்டிப் பார்த்தாள். தையல் அசையவில்லை. அவர் மகளின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

"குத்திக்கலையே?"

"ரெண்டு தடவை குத்திக்கிச்சு!" என்றாள் பட்டன், பரிசு வாங்கியவள்போல. "வலிக்கவே இல்லப்பா."

"இந்த மூலையில கொஞ்சம் கோணலா இருக்கே..."

"அங்க வளைவுப்பா. பஸ் சாஞ்சுதான் திரும்பும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்து, கடைசியில் தொப்பை குலுங்கச் சிரித்தார். "நாளைக்குக் கடைக்கு வா. மெஷின் வேணாம். உனக்குன்னு ஒரு ஊசி தர்றேன்" என்றார். பட்டன் பையை அவர் கையிலிருந்து பிடுங்கி, ஓடிப்போய்த் தள்ளி நின்று, அவர் நெஞ்சைப் பார்த்து எறிந்தாள்.

அவ்வளவுதான். மைதானம் முழுவதும் பட்டாணிப் பைகள் பறந்தன. அம்மாக்களும் அப்பாக்களும் கூடைகளைக் கீழே வைத்துவிட்டுக் களத்தில் இறங்கினார்கள். அத்தையின் முறை வந்தது. ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை; எறிந்த வேகத்தில் பை வகுப்பறைக் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அத்தை!" என்று பட்டாசு கத்தினாள். "அது மிஸ்ஸோடது!"

ஏணி வந்தது. டீச்சர் ஏணியின் ஒரு காலையும் அத்தை மறு காலையும் பிடித்துக்கொள்ள, தையல்காரர் ஒரு நீளத் துடைப்பத்தோடு மேலே ஏறினார். "லெஃப்ட்! ரைட்! இன்னும் கொஞ்சம் மேல!" என்று கீழேயிருந்து ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அவர் துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளினார். டீச்சரின் பை முதலில் விழுந்தது. அதன் பின்னாலேயே எந்தக் காலத்திலோ காணாமல்போன மூன்று பந்துகளும், ஒரு பேட்மிண்டன் இறகுப் பந்தும், ஒற்றைச் செருப்பும் பொலபொலவென்று உதிர்ந்தன. குழந்தைகள் போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டது.