மானுக்கு அழுத கண்ணீர்

ஹாஜறாவுக்குப் பனி என்றால் மீன் லொறியில் வரும் ஐஸ் கட்டிதான். ஆனாலும் எண்பத்தோராம் ஆண்டு முழுக்க அவள் மனசு ஒரு பனிநாட்டில்தான் குடியிருந்தது. அது கிறேஸ் டீச்சர் வைத்திருந்த இங்கிலீஷ் கதைப் புத்தகத்து நாடு. அங்கே மரங்கள் கதைக்கும். சூனியக்காரியிடம் அகப்பட்ட ஒரு பிள்ளைக்குப் பதிலாக வெள்ளை மானொன்று தன் கழுத்தைக் கொடுக்கும்.

சனிக்கிழமை தோறும் கல்முனையில் டீச்சர் வீட்டுக்குப் போய் ஒரு அத்தியாயம் வாசிப்பாள். "வேதக்கார வீட்டுக்குக் குமர்ப்பிள்ளைய அனுப்புறதா?" என்று, டீச்சர் கிறிஸ்தவர் என்பதால் ஊர் முணுமுணுத்தது. "படிப்புத்தானே, போகட்டும்" என்று வாப்பா ஊரின் வாயை அடைத்தார். வாசித்த அத்தியாயத்தை அன்று பின்னேரமே எட்டு வயதுத் தங்கை நதீராவுக்குச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் விடமாட்டாள்.

மான் செத்த அத்தியாயத்தை வாசித்த அன்று ஹாஜறா விம்மி விம்மி அழுதாள். டீச்சர் தலையைத் தடவி ஏனென்று கேட்டார். வேறு யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். நதீராவைப் பெற்றபோதுதான் உம்மா மவுத்தானார். "என்னை விடுங்க, பிள்ளையக் காப்பாத்துங்க" என்று உம்மா மருத்துவிச்சியிடம் கெஞ்சியதை, கதவுக்குப் பின்னால் நின்ற பத்து வயது ஹாஜறா கேட்டிருந்தாள். அந்த மான் அவளுக்கு உம்மாதான்.

அந்தக் கிழமை முழுக்க நதீரா ஒரே கேள்விதான் கேட்டாள். "மான் எழும்பும்தானே ராத்தா?"

எழும்பியது! அடுத்த சனிக்கிழமை கடைசி அத்தியாயத்தில், மூன்றாம் நாள் விடியும்போது மான் எழும்பி நின்றது. பனியெல்லாம் உருகி ஓடியது. ஹாஜறாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எப்போது வீட்டுக்குப் போய் நதீராவிடம் சொல்வது என்றிருந்தது.

அந்நேரம் பார்த்து வேதக்கோயில் பத்திரிகைக் கட்டோடு உபதேசியார் வந்தார். நல்ல மனிதர், வாய்தான் நிற்காது. "இவதானே அந்தப் பிள்ள? வாசிச்சு எனக்கே கண் கலங்கிப் போச்சு மகள்" என்று ஒரு பிரதியை அவள் கையில் வைத்தார்.

அதில் 'மானுக்குள் மீட்பர்' என்ற தலைப்பில் டீச்சர் எழுதியிருந்தார். பனி பாவமாம், மான் ஆண்டவராம். கீழே இப்படி இருந்தது: 'என்னிடம் படிக்கும் முஸ்லிம் மாணவி ஒருத்தி, மானின் சாவில் சிலுவையைக் கண்டு கண்ணீர் வடித்தாள். கல் நிலம் இளகுகிறது. அவளுக்காக ஜெபியுங்கள்.'

பெயர் இல்லை. பெயர் எதற்கு? அந்த வீட்டுக்கு முக்காடு போட்டுப் போய்வருவது அவள் ஒருத்திதானே. நம்ப நட, நம்பி நடவாதே என்று சும்மாவா சொன்னார்கள்!

"நான் உம்மாவ நினைச்செல்லோ அழுத நான், டீச்சர். உங்களிட்டச் சொன்ன நான்தானே?"

"ஓம் புள்ள. ஆனா உனக்கே தெரியாம உன்னைத் தொட்டவர் அவர்தான். நான் நல்லதுக்குத்தான் எழுதினன்."

"மான் யாரெண்டு முதலே சொல்லியிருந்தா, அதையும் காது குடுத்துக் கேட்டிருப்பன். நீங்க சொல்ற இயேசு, ஈஸா நபி, எங்களுக்கும் நபிதான். எங்கட உம்மாட மவுத்த எடுத்து ஏன் உங்கட பாடத்துக்குப் போட்டீங்க?"

டீச்சரின் கண் நிறைந்தது. பிழை என்று மட்டும் அவர் வாயில் வரவில்லை. "அடுத்த சனி வருவாய்தானே?" என்றார்.

ஹாஜறா பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். தலையைத் தடவிய அந்தக் கையே அல்லவா இதை எழுதியிருக்கிறது.

வீட்டு வாசலில் நதீரா காத்து நின்றாள்.

"மான் எழும்பிச்சா ராத்தா?"

எழும்பியது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். 'கல் நிலம் இளகுகிறது' என்பதுதான் காதுக்குள் கேட்டது. இனி அந்த மான் எப்படி எழும்பினாலும் டீச்சரின் மானாகத்தான் எழும்பும்.

"இல்ல. மவுத்தானா மவுத்துத்தான். கதை முடிஞ்சுது."

"அப்ப, அந்தப் பிள்ளையாலதானே மான் மவுத்தாப் போச்சு?" என்று கேட்டாள் நதீரா.