டிஸ்கெட்டில் நின்றுபோன அரைமணி

இராஜம்மா ஜாதகத் தாளை மேசைமேலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

"பொண்ணுக்கு ரோகிணி, என் மகன் பாலனுக்குத் திருவோணம். ரெண்டும் ஒரே ரஜ்ஜு, பொருந்தாது லா. தாலி விஷயம்மா, ரிஸ்க் எடுக்க மாட்டேன்."

தனலெட்சுமி தலை நிமிரவில்லை. "ஆன்டி, சின்ன வயசுலேர்ந்து கோயில்ல மிருகசீரிடம்னு சொல்லித்தான் அர்ச்சனை பண்றேன்."

"அப்ப ஐயர் இத்தனை வருஷமா வேற யாருக்கோ பண்ணியிருக்காரு." கிண்டல்தான், ஆனால் குரல் இறங்கியிருந்தது. பெண்ணை அவருக்குப் பிடித்திருந்தது. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

கம்ப்யூட்டர் தனலெட்சுமியின் தங்கை புஷ்பவல்லியுடையது. பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டின் மாடியில் அவள் ஜாதகம் கணித்துக் கொடுக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. அக்காவின் பழைய ஜாதகம் எழுபத்தொன்றாம் வருட வெள்ளத்தோடு போய்விட்டது. பிறந்த நேரம் மட்டும் பிறப்புச் சான்றான சூரப்பத்திரத்தில் இருந்தது.

"மழை விடட்டும் ஆன்டி. கிள்ளான் பஸ் எங்க ஓடிப்போவுது?" என்று புஷ்பவல்லி நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

கோள்களின் நிலையைக் கணிக்கும் பகுதி அவள் எழுதியதல்ல. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாகப் பரப்பிய நிரல் தொகுப்பு, லைப்ரரி. டிஸ்கெட்டில் இரண்டும் இருந்தன: மனிதர் படிக்கக்கூடிய மூலநிரல், அதிலிருந்து முன்பே கம்பைல் செய்துவைத்த, இயந்திரம் மட்டுமே படிக்கும் கோப்பு. மூலநிரலை அவள் வரிவரியாகப் படித்து வியந்திருக்கிறாள். பிறகு, எல்லாரையும்போல, ஆயத்தமாக இருந்த கோப்பையே சேர்த்துக்கொண்டாள்.

இப்போது மீண்டும் படித்தாள். அந்த வரி அங்கேதான் இருந்தது. எண்பத்திரண்டுக்கு முன் இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு அரைமணி வித்தியாசம் பார்க்கவேண்டும் என்று அழகாக எழுதியிருந்தது. நாட்டின் கடிகாரம் மாறிய அந்த வருடக் கடைசி இரவு அவளுக்கும் நினைவிருந்தது. பதினொன்றரை ஆனதும் அப்பா ஸ்டூலில் ஏறி முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ளினார். நாடு முழுவதும் அரைமணி நேரத்தை வாழாமலே தாண்டியது.

மூலநிரல் சொன்னபடி கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாள். மிருகசீரிடம். இயந்திரத்தைக் கேட்டாள். ரோகிணி.

கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. பிறகு கோப்புகளின் தேதியைப் பார்த்தாள். ஆயத்தக் கோப்பு மூலநிரலைவிடப் பழையது. எழுதியவர் பிழையைத் திருத்தியிருக்கிறார். திருத்தியதை மறுபடி கம்பைல் செய்யாமல் பழைய கோப்பையே கூட வைத்து அனுப்பிவிட்டார். எல்லாரும் படித்தது ஒன்று, எல்லார் வீட்டிலும் ஓடியது வேறொன்று.

வானத்தில் சந்திரன் என்றைக்கோ கடந்துபோன இடத்தில், இந்தக் கோப்புக்குள் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தான். திறந்து பார்த்தால் சுழிசுழியாக ஏதேதோ குறிகள். அதற்குள் இன்னும் என்னென்ன இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்?

மூலநிரலிலிருந்து தானே கம்பைல் செய்தாள். பிரின்டர் கரகரத்தது.

"மிருகசீரிடம்," என்றாள்.

இராஜம்மா தாளை வாங்கவில்லை. "காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணா? என்னா விளையாட்டு இது?"

புஷ்பவல்லி முள்ளைத் தள்ளிய இரவைச் சொன்னாள். இராஜம்மாவுக்கும் அது நினைவிருந்தது. மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப பாலனும் எண்பத்திரண்டுக்கு முந்திதானே பொறந்தான்? அவனுதும் மாறிடுமா?"

தனலெட்சுமி முதல்முறையாக நிமிர்ந்தாள். தங்கை எண்களைத் தட்டுவதையே மூச்சடக்கிப் பார்த்தாள். திரையில் எழுத்து வந்தது.

"திருவோணம்தான், ஆன்டி. மாறல."

"ரஜ்ஜு?"

"வேற வேற."

இராஜம்மா இரண்டு தாள்களையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தனலெட்சுமியின் கையைப் பிடித்து அழுத்தினார். எழுந்தவர், படியருகே போய் நின்றார். மழை விட்டிருந்தது. அவர் போகவில்லை.

"புஷ்பா," என்றார் திரும்பாமலே. "போன வருஷம் என் மக சந்திரகலாவுக்கு வந்த வரன். இங்கதான் பார்த்தோம். பொருந்தலன்னு அனுப்பிட்டோம்."

கீழே ரயில் ஒன்று மெல்ல நகர்ந்து போனது.

புஷ்பவல்லி நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பினாள். "பொறந்த நேரம் சொல்லுங்க, ஆன்டி."